6க்கு 2க்கு 2 தொட்டி: சம்ப்பா, கேனிஸ்டரா? லைட் எவ்வளவு வேணும்?

வாசு_வேளச்சேரி · சனி, இரவு 10:12

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் படிக்க மட்டும் செஞ்சேன், இப்போ உங்க உதவி வேணும்.

வேளச்சேரியில முதல் மாடி வீடு. இப்போ 4 அடித் தொட்டி, டாப் ஃபில்டர், உள்ள ரெண்டு ஆஸ்கார் மீன். ரெண்டுக்கும் 5 வயசு, ஒவ்வொண்ணும் 11 இஞ்ச் இருக்கும். திரும்பக்கூட இடம் பத்தலை. அதனால 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்துல புதுசுக்கு அடுத்த ஞாயிறு கொளத்தூர்ல ஆர்டர் கொடுக்கப் போறேன். 12 எம்எம் கண்ணாடி.

கடையில சொன்னது இதுதான்: மணிக்கு 3000 லிட்டர்னு போட்ட கேனிஸ்டர் (மூடின டப்பா ஃபில்டர்) ஒண்ணு, மேல 120 வாட் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் கலந்த) லைட். பொண்ணு உள்ள பச்சையா செடி இருக்கணும்னு ஆசைப்படுறா. தண்ணி போர் தண்ணிதான், டிடிஎஸ் 900 பக்கம் காட்டுது, பிஎச் 8.

இன்னொண்ணையும் சொல்லியாகணும். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல்ல எங்க தெருவுல நாலு நாள் கரண்ட் இல்லை. அப்போ மூணு ஆஸ்கார் இருந்துச்சு. நானும் என் மனைவியும் மாறி மாறி சொம்பால தண்ணியை மொண்டு மேலயிருந்து ஊத்திக்கிட்டே இருந்தோம். மூணாவது நாள் ராத்திரி இருக்கிறதிலேயே பெருசு போயிடுச்சு. இந்தத் தடவை ஃபில்டர் வாங்கும்போது அந்த ராத்திரி ஞாபகம் இருக்கு. அதான் கேட்கிறேன்.

---

தொட்டிக்காரர் · ஞாயிறு, காலை 6:30

வாசு, நல்ல வேளை ஆர்டர் கொடுக்குறதுக்கு முன்னாடி கேட்டீங்க. தொட்டி கட்டின பிறகு கேட்டா பாதி வழி அடைஞ்சு போயிருக்கும். சம்ப், அதாவது தொட்டிக்குக் கீழ வைக்கிற ஃபில்டர் தொட்டி, வைக்கணும்னா கண்ணாடியில ஓட்டை போடணும், அதை ஒட்டுறதுக்கு முன்னாடியே போட்டுடணும். டஃபன் பண்ணின கண்ணாடியில அப்புறமா ஓட்டை போடவே முடியாது, தூளாயிடும்.

கடைக்காரர் "மணிக்கு 3000 லிட்டர்"ல இருந்து ஆரம்பிச்சிருக்கார். நாம ஆரம்பிக்க வேண்டியது தீனியில இருந்து. ரெண்டு பெரிய ஆஸ்காருக்கு ஒரு நாளைக்கு 10 கிராம் பெல்லட் போடுறீங்கன்னு வச்சுக்குவோம், புரதம் 40 சதவீதம். மீன் பண்ணைகள்ல போடுற கணக்குப்படி, தீனியில உள்ள புரதத்துல சுமார் 9 சதவீதம் அம்மோனியா நைட்ரஜனா வெளிய வரும். அப்படின்னா நாளுக்கு 0.37 கிராம். உங்க தொட்டி கொள்ளளவு 680 லிட்டர், கட்டை, மணல், மேல விடுற இடம் எல்லாம் போனா 600. லிட்டருக்கு 0.6 மில்லிகிராம் அம்மோனியா தினமும் பிறக்குது. ஃபில்டர்ல வளர்ற பாக்டீரியாவோட முதல் வேலை இதை முழுசா தின்னு தீர்க்குறது.

உங்க பிஎச் 8 வேற. பிஎச் 7ல இருந்தா மொத்த அம்மோனியாவுல 1 சதவீதம்கூட நச்சு வடிவத்துல இருக்காது. 8ல, நம்ம ஊர் சூட்டுல, 6 சதவீதத்தைத் தாண்டிடும். அதே அம்மோனியாதான், ஆனா உங்க தொட்டியில அது பல மடங்கு கொடியது.

என் தீர்ப்பு சம்ப். காரணத்தை சாயந்திரம் விரிவா எழுதுறேன், இப்போ வேலைக்குக் கிளம்பணும். அதுக்குள்ள ஒண்ணு சொல்லுங்க: ஆஸ்காரை வச்சுக்கிறது உறுதியா? செடி ஆசையும் ஆஸ்காரும் ஒரே தொட்டியில சுலபமா ஒத்துப்போகாது. மண்ணுல நட்டதை எல்லாம் பிடுங்கிப் போட்டுடும்.

---

எலக்ட்ரிகல்_ரமேஷ் · ஞாயிறு, காலை 9:05

ஃபில்டருக்கு முன்னாடி எடை. தண்ணி மட்டும் 600 கிலோவுக்கு மேல, 12 எம்எம் கண்ணாடி 120 கிலோ பக்கம், ஸ்டாண்ட், மணல், கட்டை, கீழ சம்ப் தண்ணி. ஒரு டன் தாண்டிடும். அது உட்காருற இடம் 12 சதுர அடி. வீட்டுத் தளத்துக்கு ஐஎஸ் 875 (கட்டடச் சுமைக்கான இந்தியத் தரம்) தர்ற கணக்கு சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ. தளம் முழுக்கப் பரவியிருக்கிற சுமைக்கான கணக்கு அது. உடனே இடிஞ்சிடும்னு அர்த்தமில்லை, ஆனா அறை நடுவுல வைக்கவே கூடாது. சுவரை ஒட்டி, கீழ பீம் ஓடுற இடமா பார்த்து வைக்கணும். வீட்டுப் பிளானை எடுத்துக்கிட்டு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை ஒரு தடவை பார்த்துடுங்க. முதல் மாடின்னா இதைத் தள்ளிப்போடாதீங்க.

கரண்ட்: 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தா கரண்ட்டை வெட்டுற ஸ்விட்ச்) இல்லாத பாயிண்ட்ல தொட்டி ஓட்டாதீங்க. ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழ ஒரு தொய்வு விழுந்து அப்புறம் மேல ஏறணும். அப்போதான் வயர் வழியா வழியுற தண்ணி பிளக்குக்குள்ள போகாம தரையில சொட்டும்.

---

வாசு_வேளச்சேரி · ஞாயிறு, பகல் 1:20

ரமேஷ் சார், ரொம்ப நன்றி. பிளான் அப்பாகிட்ட இருக்கு, இந்த வாரமே காட்டுறேன்.

தொட்டிக்காரர் அண்ணா, ஆஸ்கார் உறுதி. அதுங்களுக்காகத்தான் இந்தத் தொட்டியே. செடிக்கு வேற வழி இருக்கான்னு பாருங்க. சம்ப் பத்தி ஒரு பயம்: தொட்டி ஹால்ல, பக்கத்து அறையில மாமியார் தூங்குவாங்க. யூட்யூப்ல பார்த்த சம்ப் எல்லாம் கொடகொடன்னு சத்தம் போடுது.

---

கோவை_நதியா · ஞாயிறு, மதியம் 3:45

சத்தம்னா கேனிஸ்டரை அடிச்சுக்க முடியாதுங்க. எங்க வீட்டுல 5 அடித் தொட்டி, டிஸ்கஸ் மீன், ரெண்டு கேனிஸ்டர், ஆறு வருசமா ஓடுது. பக்கத்துல உட்கார்ந்து படிக்கலாம், அவ்வளவு அமைதி. ஓட்டை வேண்டாம், வழிஞ்சிடுமோன்னு பயம் வேண்டாம். ஒரே பெரிய கேனிஸ்டருக்குப் பதிலா ரெண்டு சின்னதா போட்டா, ஒண்ணைக் கழுவுற மாசம் இன்னொண்ணு தொட்டியைத் தாங்கிக்கும்.

ஆனா பெட்டியில இருக்கிற எண்ணை நம்பாதீங்க. ஃப்ளூவல் எஃப்எக்ஸ்6 கம்பெனியே ரெண்டு எண் கொடுக்குது: பம்ப் மட்டும்னா மணிக்கு 3500 லிட்டர், மீடியா (பாக்டீரியா ஒட்டி வளர்ற பொருள்) போட்டு ஓட்டினா 2130. நல்ல கம்பெனி, அதனால ரெண்டையும் சொல்லுது. ஒரே எண் போட்டிருந்தா அது காலி டப்பா கணக்குன்னு எடுத்துக்கோணும்.

நான் பட்டது இன்னொண்ணு இருக்குது, ஃபில்டர் எதுவா இருந்தாலும் இது பொருந்தும். எங்களுக்கு சிறுவாணித் தண்ணி. குடிக்க அமிர்தம். கேஎச், அதாவது தண்ணியில இருக்கிற கார இருப்பு, 2தான் இருக்குது. ஒரு கோடையில தண்ணி மாத்துறதைக் குறைச்சேன், தீனி மட்டும் தாராளம். பாக்டீரியா அம்மோனியாவைத் தின்னும்போது தண்ணியில இருக்கிற காரத்தையும் சேர்த்துத் தின்னுடுமாம், எனக்கு அப்போ தெரியாது. பிஎச் சத்தமில்லாம 6க்குக் கீழ இறங்கியிருக்குது. அந்தப் புளிப்புல பாக்டீரியாவும் முடங்கிப் போச்சு. அம்மோனியா ஏறிக்கிட்டே இருந்திருக்குது, ஆனா அமிலத் தண்ணியில அது பாதிப்பில்லாத வடிவத்துல இருந்ததால மீன் ஒண்ணும் காட்டிக்கலை. அழுக்கா தெரியுதேன்னு பாதித் தண்ணியை எடுத்துட்டு போர் தண்ணி ஊத்தினேன். பிஎச் ஏறுச்சு, அம்மோனியா அத்தனையும் விஷமாச்சு. ஒரு மணி நேரத்துல நாலு டிஸ்கஸ். கண்ணு முன்னாடி.

அதனால எல்லாருக்கும் சொல்றேன், அம்மோனியா கிட் வாங்குறவங்க கேஎச் கிட்டும் சேர்த்து வாங்குங்க. இப்ப நான் ஃபில்டர்ல ஒரு வலைப்பை கிளிஞ்சல் போட்டு வச்சிருக்கிறேன். கேஎச் 4க்குக் கீழ போறதில்லை.

---

தொட்டிக்காரர் · ஞாயிறு, இரவு 8:50

நதியா சொன்னதை எல்லாரும் ரெண்டு தடவை படிங்க. காலையில நான் போட்ட கணக்கை அதோட சேர்த்துப் பாருங்க: 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாத்த சுமார் 7 கிராம் காரம், கால்சியம் கார்பனேட் கணக்குல, செலவாகும். வாசுவோட ஆஸ்கார் அளவுக்குத் தீனி போட்டா நாளுக்கு லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்கு மேல காரம் போகும். கேஎச் 2ன்னா கையிருப்பே 36 மில்லிகிராம்தான். எட்டு, ஒன்பது நாள்ல காலி. வாசுவுக்கு போர் தண்ணியில கார இருப்பு நிறைய இருக்கும், அந்தக் கவலை கம்மி.

கேனிஸ்டர் விஷயத்துல மட்டும் நதியாவோட நான் ஒத்துப்போகலை. கோவையில அது சரியா இருக்கலாம். வேளச்சேரிக்கு சரியில்லை. காரணம் சூடும் கரண்டும்.

25 டிகிரித் தண்ணியில லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். சென்னை மே மாசத்துல தொட்டி 32 டிகிரி போகுது, அதுல 7.3தான். மீனுக்கு அதே சூட்டுல பசி, மூச்சு ரெண்டும் அதிகம். ஃபில்டர் பாக்டீரியாவும் ஆக்சிஜன் கேக்குது: 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு 4.57 கிராம். வரவு குறையுற நேரத்துல செலவு கூடுது. சம்ப்ல தண்ணி விழுந்து, பரவி, மறுபடி ஏறுது. போற வழியெல்லாம் காத்து வாங்குது. கேனிஸ்டர் மூடின டப்பா. தொட்டியில இருக்கிற ஆக்சிஜனை எடுத்துக்குமே தவிர எதுவும் கொடுக்காது. வெளிய வர்ற குழாயால மேற்பரப்பைக் கலக்கிவிட்டா ஓரளவு ஈடுகட்டலாம்.

கரண்ட் போனா? கேனிஸ்டருக்குள்ள அடைஞ்ச தண்ணியில இருக்கிற ஆக்சிஜனை அந்த பாக்டீரியாவே சீக்கிரம் தீர்த்துடும். நாலஞ்சு மணி நேரம் கழிச்சு கரண்ட் வந்ததும் உள்ளே அழுகின தண்ணி நேரா மீன் மூஞ்சியில. கேனிஸ்டர் வச்சிருக்கிறவங்க நீண்ட கட்டுக்கு அப்புறம் அதைக் கழட்டி, பழைய தண்ணியைக் கொட்டிட்டுத்தான் ஓட்டணும். வீட்டுல யாரும் இல்லாத பகல்ல இதை யார் செய்வாங்க? சம்ப்ல மேல திறந்திருக்கு, ஒரு பேட்டரி ஏர் பம்ப் கல்லை உள்ள போட்டா மீடியாவும் பிழைக்கும்.

சத்தத்துக்கு வழி இருக்கு. கொடகொடங்கிறது தண்ணியும் காத்தும் ஒரே குழாய்ல இறங்குறதால. ரெண்டு குழாய் போடச் சொல்லுங்க. ஒண்ணு முழுசா தண்ணிக்குள்ள மூழ்கி இருக்கும், அதுக்குக் கீழ ஒரு கேட் வால்வு. வால்வைக் கொஞ்சம் கொஞ்சமா திருகி, குழாய் முழுக்கத் தண்ணியா இறங்குற நிலைக்குக் கொண்டு வந்தா காத்துக்கு வேலையே இல்லை, சத்தமும் இல்லை. ரெண்டாவது குழாய் வாய் உயரமா, காலியா நிக்கணும். முதல் குழாய்ல இலையோ நத்தையோ அடைச்சா தண்ணி அது வழியா இறங்கும். இந்த அமைப்புக்கு ஹெர்பி ஓவர்ஃப்ளோன்னு பேரு. ரெண்டாவது குழாய் இல்லாம யாராவது கட்டித் தர்றேன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க.

வழியுற பயத்துக்கும் கணக்கு உண்டு. உங்க தொட்டி மேற்பரப்பு 12 சதுர அடி. 1 சென்டிமீட்டர் தண்ணி இறங்கினா 11 லிட்டர். சம்ப்ல இருந்து தொட்டிக்குத் திரும்பி வர்ற குழாயோட வாய் தண்ணி மட்டத்துல இருந்து 3 சென்டிமீட்டர் ஆழத்தைத் தாண்டக் கூடாது. கரண்ட் போனா 33 லிட்டரும் குழாய்ல இருக்கிறதும்தான் கீழ வரும். சம்ப் 3க்கு 1½க்கு 1½ அடின்னா 190 லிட்டர் பிடிக்கும். 110 லிட்டர்ல ஓட்டுங்க. 80 லிட்டர் இடம் எப்பவும் காலியா இருக்கும். நான்-ரிட்டர்ன் வால்வை நம்பி இந்த இடத்தைக் குறைக்காதீங்க, ஒரு சின்னக் கல் மாட்டினாலே வால்வு மூடாது.

உள்ள என்ன போடுறது? முதல் அறையில பஞ்சு, வாரம் ஒரு தடவை கையில எடுத்து அலசுற மாதிரி. இந்த இடம்தான் முக்கியம்; ஆஸ்கார் எச்சம் பெருசு, அது கரையுறதுக்கு முன்னாடி வெளிய எடுத்துட்டா பாக்டீரியாவுக்குப் பாதி வேலை மிச்சம். எட்டாத இடத்துல பஞ்சு வச்சா யாரும் கழுவ மாட்டாங்க. ரெண்டாவது அறையில கே1 மீடியா (சின்ன பிளாஸ்டிக் சக்கரங்க), ஏர் கல்லால உருண்டுகிட்டே இருக்கணும். நார்வேக்காரங்க 1980களோட கடைசியில சாக்கடைத் தண்ணி சுத்தம் பண்ணக் கண்டுபிடிச்ச முறை இது. 1000 லிட்டர் கே1ல பாக்டீரியா ஒட்ட 500 சதுர மீட்டர் பரப்பு. 20 லிட்டர் போட்டா 10 சதுர மீட்டர், உங்களுக்குத் தாராளம். பணம் இடிச்சா பாத்திரம் தேய்க்கிற நைலான் நார், சோப்பு போடாதது, அதுவும் நல்லாவே வேலை செய்யும். விலை ஏறின செராமிக்குக்கு செலவு பண்றதை நல்ல பம்ப்புக்குப் பண்ணுங்க.

---

கோவை_நதியா · ஞாயிறு, இரவு 9:30

கரண்ட் கட்டு விசயம் சரிங்க அண்ணா. எங்களுக்கு இன்வெர்ட்டர் லைன்ல ஓடுறதால நான் அதை யோசிக்கலை. வாசு, நாலு நாள் இருட்டுல கிடந்தவருக்கு சம்ப்தான். என் வாக்கை மாத்திக்கிறேன்.

---

எலக்ட்ரிகல்_ரமேஷ் · திங்கள், காலை 8:15

நாலு நாள்னா வீட்டு இன்வெர்ட்டரும் தாங்காது. 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரி பேருக்கு 1800 வாட்-மணி, நிஜத்துல 1000க்கு மேல நம்பாதீங்க. 40 வாட் பம்ப் மட்டும் ஓட்டினா ஒரு நாள். ஃபேன், லைட் எல்லாம் அதுலயே ஓடுறப்போ எங்க நிக்கும்?

தனியா 12 வோல்ட் டிசி ஏர் பம்ப் ஒண்ணு, 5 வாட். யுபிஎஸ்ல வர்ற 7 ஏஎச் சின்ன பேட்டரியிலயே பத்து மணி நேரம் பக்கத்துல ஓடும். புயல் எச்சரிக்கை வந்தா கார் பேட்டரியைக் கழட்டி அதுல மாட்டலாம், ரெண்டு மூணு நாள் தாங்கும். மீனுக்கு அந்த நேரத்துல வேண்டியது காத்து மட்டும்தான். தீனியை முழுசா நிறுத்திடுங்க. பெரிய ஆஸ்கார் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் ஒண்ணும் ஆகாது, அம்மோனியாவும் ரொம்பக் குறைஞ்சிடும்.

மாசச் செலவு கேட்டா: 40 வாட் பம்ப் நாள் முழுக்க 0.96 யூனிட், 50 வாட் லைட் 7 மணி நேரம் 0.35. ரெண்டு மாத பில்லுக்கு 79 யூனிட் ஏறும். 500 யூனிட்டை ஒட்டி இருக்கிற வீடுன்னா கட்டணப் படி மாறும், பார்த்துக்கோங்க.

---

இலைக்கோணம் · திங்கள், மாலை 6:40

லைட் பத்தி யாரும் இன்னும் சரியா பேசலை. நான் பேசுறேன், செடித் தொட்டிதான் என் உலகம்.

வாசு, 120 வாட் ஆர்ஜிபி வாங்காதீங்க. அது கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் உரமும் போட்டு, தரை முழுக்க சிவப்புச் செடி வளர்க்கிறவங்களுக்கான லைட். ஜப்பான்ல செடித் தொட்டி வடிவமைப்புக்குப் பேர் போன தகாஷி அமானோ காட்டின மாதிரியான தொட்டிக்கு. அந்த வெளிச்சத்தை ஆஸ்கார் தொட்டியில போட்டா சாப்பிட செடி இல்லை, ஆனா நைட்ரேட் நிறைய இருக்கு. அதைச் சாப்பிடப் பாசி வரும். ரெண்டே மாசத்துல கண்ணாடி பச்சை, கட்டை மேல கருந்தாடிப் பாசி.

உங்களுக்கு ஒத்துவர்றது அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும். ரெண்டையும் மண்ணுல நடக் கூடாது, கட்டையில தையல் நூலால கட்டணும். வேர் பிடிச்ச பிறகு ஆஸ்கார் இழுத்தாலும் வராது. இலை தடிமனா கசக்கும், பெரும்பாலும் தின்னாது. ரெண்டுமே நிழல் செடிங்க. இலை இருக்கிற ஆழத்துல 20, 30 பார் கிடைச்சாப் போதும். பார்னா செடிக்கு உதவுற ஒளித்துகள் ஒரு விநாடிக்கு எவ்வளவு விழுதுங்கிற கணக்கு. லூமன் நம்ம கண்ணுக்கான அளவு, வாட் கரண்ட் பில்லுக்கான அளவு. செடி கேக்குறது பார்.

கணக்கு போடுவோம். நல்ல வெள்ளை எல்இடி வாட்டுக்கு 100 லூமன். 50 வாட்னா 5000. உங்க மேற்பரப்பு 1.1 சதுர மீட்டர், சராசரி 4500 லக்ஸ். வெள்ளை எல்இடிக்கு லக்ஸை 70ஆல வகுத்தா கிட்டத்தட்ட பார்: மேல 64. கண்ணாடி மூடி, தண்ணி, ஓரத்துல சிதறுறது எல்லாம் போய் அடியில பாதி வந்தாலே 30. ஆக, மொத்தம் 50 வாட் போதும், அதுக்கு மேல வேண்டாம்.

ஒரே இடத்துல 50 வாட்டை வைக்காதீங்க. 2 அடி அகலத் தொட்டியில ஒத்தை வரிசை லைட் போட்டா நடுவுல வெயில், முன்னும் பின்னும் இருட்டு. வெளியில மாட்டுற ஃப்ளட் லைட் கிடைக்குமே, ஐபி65 (தண்ணி தெறிச்சாலும் தாங்கும்னு அர்த்தம்) போட்டது, அதுல 20 வாட்டுல ரெண்டு, 10 வாட்டுல ஒண்ணு வாங்கி ஒரு அடி உயரத்துல தொங்க விடுங்க. 6500 கெல்வின் வெள்ளை. சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையா காட்டுதுங்கிற அளவு) 90 கிடைச்சா கூடக் கொடுத்து வாங்கலாம், ஆஸ்காரோட ஆரஞ்சு அப்போதான் உண்மையான நிறத்துல தெரியும். மீன் பேர் போட்டு விக்கிற லைட்டுக்குக் கொடுக்கிற விலையில பாதிகூட ஆகாது.

நேரம் 7 மணி, டைமர்ல. கையால போடுறவங்க தொட்டியிலதான் பாசி அதிகம். விருந்தாளி வந்தா இரவு 11 வரை எரியும், அடுத்த நாள் மறந்துடும். ஜன்னல் வெயில் நேரா விழுந்தா இந்தக் கணக்கு மொத்தமும் வீண், அந்தத் திரையை முதல்ல போடுங்க.

ஒரு வேண்டுகோள். இருட்டுல இருந்து திடீர்னு தொட்டி லைட்டைப் போடாதீங்க. பெரிய ஆஸ்கார் மிரண்டு எகிறி மூடியில இடிக்கும். முதல்ல அறை லைட், பத்து நிமிசம் கழிச்சு தொட்டி லைட். அணைக்கும்போது நேர் எதிர்.

---

வாசு_வேளச்சேரி · திங்கள், இரவு 9:55

அக்கா, இவ்வளவு பொறுமையா யாரும் எனக்கு லைட்டைப் புரிய வச்சதில்லை. போன்ல லக்ஸ் ஆப் போட்டு அளந்தா சரியா வருமா?

---

இலைக்கோணம் · திங்கள், இரவு 10:20

வெள்ளை லைட்டுக்கு ஓரளவு வரும். தொட்டி காலியா இருக்கும்போதே, அடியில போனை மல்லாக்க வச்சு ஆறு இடத்துல அளந்து எழுதிக்கோங்க. எண் துல்லியமா இருக்காது, ஆனா எந்த மூலை இருட்டுன்னு தெரிஞ்சிடும். ஆர்ஜிபி லைட்டுக்கு இந்த 70 கணக்கு செல்லாது. லக்ஸ் பச்சையைத்தான் பெருசா எண்ணும், சிவப்பையும் நீலத்தையும் குறைச்சுக் காட்டும்.

---

சுன்னாகம்_குகன் · செவ்வாய், மாலை 5:10

வணக்கம். யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். என்னட்டையும் 6 அடித் தொட்டி ஒண்டு இருக்கு, ஒரு ஆஸ்காரும் ரெண்டு சேவரம் மீனும். நீங்கள் அம்மோனியாவைப் பற்றி வடிவாக் கதைச்சிருக்கிறியள், ஆனா ஃபில்டர் வேலை செய்து முடிய மிஞ்சிறது நைட்ரேட். அதை எந்த மீடியாவும் லேசில எடுக்காது. தண்ணி மாத்துங்கோ எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம்.

எங்கட பிரச்சினை என்னெண்டா, எங்கட கிணத்துத் தண்ணியிலயே நைட்ரேட் இருக்கு. இது சுண்ணாம்புக்கல் நிலம், மேல போடுற உரம் எல்லாம் நேர கீழ இறங்கும், சுத்திவர வெங்காயத் தோட்டம். குடிதண்ணிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லுற எல்லை லிட்டருக்கு 50 மில்லிகிராம். எங்கட கிணத்தில மாரி முடிய அளந்தா அதுக்கும் மேல காட்டுது. பத்து வாளி மாத்தினாலும் தொட்டி நைட்ரேட் குறையேலாது தானே.

நான் செய்தது இதுதான்: சம்பில கடைசி அறைக்கு மேல மணிபிளாண்ட் கொடி. வேர் மட்டும் தண்ணியில, இலை வெளியில. தொட்டிக்குள்ள விட்டா ஆஸ்கார் வேரைக் கிழிச்சுப் போடும், சம்பில அதுக்கு எட்டாது. மேல 12 வாட் சாதாரண எல்இடி பல்ப், பத்து மணித்தியாலம். இலை காத்தில இருக்கிறதால கார்பன் டை ஆக்சைட்டுக்குப் பஞ்சமில்லை, அதாலதான் தண்ணிக்குள்ள இருக்கிற செடியளை விட இது வேகமா வளருது. ஆறு மாசத்தில நைட்ரேட் 80இலயிருந்து 30க்கு வந்தது. வெட்டி வெட்டி அயல் எல்லாருக்கும் குடுத்திட்டன்.

தம்பி வாசு, மகள் பச்சை கேக்கிறா எண்டியள். தொட்டிக்கு மேலயும் பின்பக்கம் ஒரு பெட்டியில வைக்கலாம், கொடி கீழ தொங்கேக்கை வடிவு. வேருக்கு வலை போட்டுவிடுங்கோ.

---

தொட்டிக்காரர் · செவ்வாய், இரவு 7:30

குகன், அருமை. வாசு கணக்குலயே பாருங்க: 0.6 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன், நைட்ரேட்டா மாறும்போது 2.7. வாரத்துக்கு 19 மில்லிகிராம் ஏறும். கொடி ஒரு பங்கை எடுத்துக்கிட்டாலும் வாரம் 30, 40 சதவீதம் தண்ணி மாத்துறதை விட்டுடாதீங்க. நைட்ரேட் தவிர அளக்க முடியாத கழிவும் சேருது. வாசு, ஆர்டர் கொடுக்கிறதுக்கு முன்னாடி போர் தண்ணியில நைட்ரேட்டை ஒரு தடவை அளந்துடுங்க.

---

புதியவன்_திருச்சி · புதன், காலை 11:00

4 அடித் தொட்டி, ஏஞ்சல் மீன் பத்து. எனக்கும் சம்ப் வேணுமா?

---

கோவை_நதியா · புதன், பகல் 12:15

வேண்டாங்க. ரெண்டு பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டரும், முடிஞ்சா ஒரு கேனிஸ்டரும் போதும். ஏஞ்சலுக்கு வேகமான ஓட்டம் பிடிக்காது.

---

தொட்டிக்காரர் · புதன், இரவு 9:10

வாசு, கடைசியா ஒண்ணு. புதுத் தொட்டிக்கு பாட்டில் பாக்டீரியா வாங்கிக் காசைக் கொட்டாதீங்க. உங்க டாப் ஃபில்டர்ல அஞ்சு வருசமா வளர்ந்தது இருக்கு. 1998ல ஹோவனெக்ங்கிற ஆராய்ச்சியாளரும் அவரோட சேர்ந்தவங்களும் நன்னீர்த் தொட்டிகள்ல, அம்மோனியாவுக்கும் நைட்ரேட்டுக்கும் நடுவுல வர்ற நைட்ரைட்டைத் தின்னுறது, அதுவரை எல்லாரும் நினைச்ச நைட்ரோபாக்டர் இல்லை, நைட்ரோஸ்பைரா வகைன்னு காட்டினாங்க. 2015ல அதே இனத்துல அம்மோனியாவை ஒரே பாக்டீரியா நைட்ரேட் வரைக்கும் கொண்டு போறதையும் கண்டுபிடிச்சாங்க. மெதுவா வளர்ற உயிர் அது. வளர்ந்து உட்கார்ந்ததை விடப் பெரிய சொத்து கிடையாது. பழைய பஞ்சை ஈரம் காயாம, கழுவாம அப்படியே சம்ப்ல போடுங்க. பழைய டாப் ஃபில்டரையும் ஒரு மாசம் புதுத் தொட்டி மேல ஓட்டுங்க. லாரித் தண்ணி கலந்தா குளோரின் எடுக்க ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) மறக்காதீங்க.

---

வாசு_வேளச்சேரி · ஏழு வாரம் கழிச்சு, ஞாயிறு, மாலை 4:30

எல்லாருக்கும் நன்றி சொல்ல வந்தேன்.

இன்ஜினியர் வந்து பார்த்தார். நான் நினைச்ச சுவர் வேண்டாம்னு எதிர் சுவரைக் காட்டினார், அங்கதான் பீம் ஓடுது. போர் தண்ணியில நைட்ரேட் 10தான். தொட்டி ரெண்டு ஓட்டையோட வந்துச்சு. வால்வைத் திருகித் திருகி சரியான இடம் பிடிக்க ஒரு முழு சாயந்திரம் ஆச்சு, அதுக்கப்புறம் சத்தமே இல்லை. மாமியார், ஓடுதா நின்னுடுச்சான்னு கேட்டாங்க.

லைட் 20, 10, 20 வாட், மதியம் 2ல இருந்து இரவு 9. கட்டையில பொண்ணே அனுபியாஸ் கட்டினா, பதினோரு கட்டு. ரெண்டை ஆஸ்கார் முதல் நாளே பிடுங்கிடுச்சு, மறுபடி கட்டினா. பின்பக்கம் குகன் அண்ணன் சொன்ன மாதிரி மணிபிளாண்ட். மூணாவது வாரம் ஒரு நாள் மட்டும் நைட்ரைட் லேசா காட்டுச்சு, அதுக்கப்புறம் அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம்.

போன வியாழக்கிழமை காலை 9ல இருந்து 3 வரைக்கும் பராமரிப்புக் கட்டு. நான் ஆபீஸ்ல, என் மனைவியும் வெளிய. மாமியார்தான் டிசி ஏர் பம்ப் ஸ்விட்சைப் போட்டாங்க. சாயந்திரம் வந்து பார்த்தா ரெண்டும் முன்னாடி வந்து தீனி கேட்டு நின்னுச்சு. வால் வரைக்கும் திரும்பி நீந்துது இப்போ.

ஒரே ஒரு சந்தேகம்: கண்ணாடியிலயும் அனுபியாஸ் இலையிலயும் பழுப்பா மாவு மாதிரி படியுது. லைட்டைக் குறைக்கணுமா?

---

இலைக்கோணம் · ஞாயிறு, மாலை 5:05

வேண்டாம் தம்பி, அது டயட்டம்னு ஒரு பழுப்புப் பாசி. புதுத் தொட்டியில வர்றதுதான், தானா போகும். இலையை விரலால மெதுவா துடைச்சு விடுங்க, லைட்டைத் தொடாதீங்க. பொண்ணு கட்டின கட்டையை ஒரு படம் எடுத்துப் போடுங்க.